கடலைக் காட்டும் மேடுகள்

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மாமல்லபுரம், கல்பாக்கம், செய்யூர் எல்லாம் அதோடு போயின. அன்றோடு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்களான எங்களுக்கு இது காகிதத்தில் நடந்த பிரிவினைதான். எங்கள் ஊர்ப்பக்கம் மாகறல் வழியாக வரும் செய்யாறு, திருமுக்கூடலில் வேகவதியோடு சேர்ந்து பாலாற்றில் கலக்கிறது. அங்கிருந்து தண்ணீரும் மணலும் வயலூர் முகத்துவாரத்தில் போய் வங்கக் கடலைச் சேர்கின்றன. மாமல்லபுரத்துக் கடற்கரையில் காலில் மிதிபடும் மணலில் எங்கள் ஆற்று மணலும் இருக்கிறது. ஆகவே அந்தக் கரையைப் பற்றி எழுத எங்களுக்கும் உரிமை உண்டு.

கடலைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக மணலில் இறங்கி அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது ஆனந்தம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் ஓரத்தில் நிற்கும் மனிதரின் கண்ணுக்கு அடிவானம் நாலரை கிலோமீட்டர் தொலைவில் முடிந்துவிடுகிறது. பூமி உருண்டை என்பதால் அதற்கப்பால் உள்ள கடல் கீழே வளைந்து மறைகிறது. 50 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் 25 கிலோமீட்டர் வரை கண் போகும். 150 மீட்டர் ஏறினால் 40 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். படைத்தவன் தன் வேலையை மறைத்து வைக்கவில்லை. அதைப் பார்க்கக் கொஞ்சம் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

ஜப்பானியர்கள் இதைப் பழங்காலத்திலேயே உணர்ந்தவர்கள். 1643-ல் ஹயாஷி காஹோ என்ற அறிஞர் தம் நாட்டின் மூன்று பேரழகுக் காட்சிகளைக் குறித்து வைத்தார். மூன்றும் கடலோரம்: மட்சுஷிமா, அமனோஹாஷிடாதே, மியாஜிமா. மட்சுஷிமா விரிகுடாவில் பைன் மரம் முளைத்த தீவுகள் 260-க்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எங்கிருந்து பார்ப்பது? சுற்றிலும் நான்கு மேடுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் தெரியும் காட்சிக்கு ஒவ்வொரு குணத்தைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஓதகமோரியிலிருந்து பார்த்தால் கம்பீரம். தோமியாமாவிலிருந்து எழில். தமோன்சானிலிருந்து வலிமை. ஓகிதானியிலிருந்து ஏகாந்தம். கடல் அதேதான், தீவுகளும் அவையேதான். நிற்கும் இடம் மாறும்போது படைப்பு தன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. 2011 சுனாமியின்போது அந்தத் தீவுக்கூட்டம் அலையின் வேகத்தை உடைத்ததால் மட்சுஷிமா நகரம் அக்கம்பக்கத்து ஊர்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பியது.

நம் கரைக்கும் அப்படிப்பட்ட மேடுகள் உண்டு. யாரும் அவற்றை வரிசைப்படுத்திப் பெயர் சூட்டவில்லை, அவ்வளவே.

முதல் மேடு எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பழையசீவரம் மலை. மேலே லட்சுமி நரசிம்மர் கோயில், கீழே பாலாறு. ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பரிவேட்டைக்கு எழுந்தருளுவது இங்கேதான். அந்தக் கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறவர்கள் ஒரு நிமிடம் ஆற்றுப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். கடல் அங்கிருந்து தெரியாது. கடற்கரைக்கான மூலப்பொருள் தெரியும். மூன்று ஆறுகளும் கொண்டுவந்து போட்ட மணல் கிழக்கு நோக்கிப் படுத்துக் கிடக்கிறது. நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலங்களில் 348 கிலோமீட்டர் நடக்கும் பாலாறு, வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடப்பதைப் பார்த்து அதைச் செத்த ஆறு என்கிறார்கள். 2021 நவம்பரில் அது இரு கரையும் புரள ஓடியதைப் பார்த்தவர்கள் இனி அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது திருக்கழுக்குன்றம். ஏறக்குறைய 500 அடி உயரம், ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். வேதகிரீசுவரரைத் தரிசித்துவிட்டு மேலே நின்றால், மழைக்காலம் முடிந்த தெளிந்த காலையில், மேற்கிலிருந்து கிழக்கு வரை ஏரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மின்னுவது தெரியும். கடைசியில் மின்னும் பெரிய ஏரியைப் போலக் கிழக்கு விளிம்பில் ஒரு நீலப்பட்டை. அதுதான் கடல். 1990-கள் வரை நண்பகலில் இரண்டு வெண்ணிறப் பாறுக்கழுகுகள் வந்து அர்ச்சகர் கையிலிருந்து பிரசாதம் உண்டு போன மலை இது. அவை வருவது நின்றுவிட்டது. அந்தக் கழுகுகளின் கண்ணுக்கு இந்தக் கரை எப்படித் தெரிந்திருக்கும் என்று அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கக் குன்று எல்லோரும் அறிந்தது. அறிந்திருந்தும் ஏறாமல் போகிறவர்கள்தான் அதிகம். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில், பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேசுவரர் கோயில் நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கை அந்தக் கோயிலின் மேல்தான் ஏற்றினார்கள். பிறகு பக்கத்திலேயே கல்லால் ஆன 26 மீட்டர் கோபுரம் எழுந்து, 1904-ல் முழு அளவில் வேலை தொடங்கியது. பாதுகாப்புக் காரணத்தால் பத்தாண்டு காலம் மூடிக் கிடந்ததை 2011-ல் மறுபடியும் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். குறுகலான சுழற்படிகளில் ஏறி மேலே வெளிவந்ததும் காற்று முகத்தில் அறையும். ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

கிழக்கே, மணல் முனையில், ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயில் உள்ளங்கையில் எடுத்து வைக்கலாம் போலத் தெரியும். தெற்கே ஐந்து ரதங்கள். மேற்கே திரும்பினால் பக்கிங்காம் கால்வாயும் அதை ஒட்டிய உப்புக்கழியும். அப்போதுதான் ஓர் உண்மை உறைக்கும்: மாமல்லபுரம் இரண்டு நீருக்கு நடுவில் மாட்டிய ஒல்லியான நிலத்துண்டு. கீழே தெருக்களில் சுற்றும்போது இது தெரியவே தெரியாது. அலை ஒரு பக்கம், கழி ஒரு பக்கம், நடுவே இத்தனை பாறை. இந்தப் பாறை மட்டும் இல்லாதிருந்தால் இங்கே நிற்க நிலமே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

பாறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சென்னைப் பல்லாவரத்திலிருந்து இந்தக் கரைநெடுக உள்ள கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக்குப் பல்லாவரத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-ல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், இரும்பு பழுக்கும் சூட்டில் உருவான கல் அது. மேலே மூடியிருந்த மலையெல்லாம் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து கரைந்து போன பிறகுதான் வெளிச்சத்தைப் பார்த்தது. பல்லவத் தச்சன் உளி வைத்தபோது அது இமயமலையைவிடப் பல மடங்கு கிழமான கல்.

குன்றிலிருந்து இறங்கும் வழியில் சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டை என்ற பாறையை எல்லோரும் கையால் தாங்குவது போலப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படம் எடுத்த பிறகு அதன் பக்கத்தில் போய்த் தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 6 மீட்டர் உயரம், 250 டன் எடை என்று கணக்கிட்டிருக்கும் இந்தக் கல்லை யாரும் உருட்டி வைக்கவில்லை. பாறையில் குறுக்கும் நெடுக்கும் விழுந்த விரிசல்களில் மழைநீர் புகுந்தது. மூலைகளில் இரண்டு மூன்று பக்கமிருந்தும் நீர் தாக்கியதால் அங்கே கல் சீக்கிரம் மக்கியது. நடுப்பகுதி நின்றது. மூலை போகப்போகச் சதுரம் உருண்டையாயிற்று. வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் அதன் மேல்தோல் ஏடு ஏடாகக் கழன்றது. கையை வைத்துத் தடவினால் அந்த ஏட்டின் விளிம்பு விரலில் தட்டும். அடுத்து உரியப்போகும் தோல் அது. நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்தில் உரியலாம், அதற்கும் பின்னால் ஆகலாம். இறைவனுக்கு அவசரம் கிடையாது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமிக்கு முன் கடல் பின்வாங்கியபோது, கடற்கரைக் கோயிலுக்குக் கிழக்கே வழக்கமாக நீருக்கடியில் இருக்கும் பாறைகளைக் கரையில் நின்றவர்கள் கண்டார்கள். அலை மணலை அள்ளிக்கொண்டு போனதால் மூடிக்கிடந்த சிற்பப் பாறைகளும் வெளியே வந்தன. சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் தென்பட்ட கல்வெட்டைப் பின்தொடர்ந்து, 2005-ல் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலத்து முருகன் கோயிலும், அதற்கடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன. இவற்றைக் காட்டிக்கொடுத்தது இந்தக் கரையில் உயிர்களைப் பறித்த அதே அலை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயத்தோடும் பணிவோடும்தான் அந்தக் கரையில் நிற்க முடிகிறது.

இனி, இந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் இடைக்கழிநாடு வரும். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் நாடு. அங்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் துறைமுகமும் நாணயச் சாலையுமாக இருந்த இடம். 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து உடைத்துப் போட்டார்கள். சுனாமியும் தன் பங்குக்கு உடைத்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் பிளந்து நிற்கும் மதிலின் மேல் பார்த்து ஏறி நில்லுங்கள். மலை உயரமெல்லாம் இல்லை. ஆனாலும் போதும்.

முன்னால் அசையாத பச்சை நீர். அதுதான் கழி. அதற்கு அப்பால் வெள்ளையாக ஒரு மணல்திட்டு, வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கும். திட்டுக்கு அப்பால் நுரை தள்ளும் கடல். அமைதியான நீருக்கும் ஆவேசமான நீருக்கும் நடுவே வெறும் மணல்தான் வேலி. படகுக்காரர்கள் பத்து நிமிடத்தில் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ஆனால் திட்டின் மேல் போய் நின்றால் திட்டு தெரியாது. மதிலில் நின்றால்தான் அதன் முழு நீளமும் கண்ணுக்குள் அடங்கும்.

ஜப்பானின் அமனோஹாஷிடாதேயும் இதே அமைப்புதான். மியாசு விரிகுடாவையும் அசோ கடலையும் பிரிக்கும் 3.6 கிலோமீட்டர் மணல்திட்டு. நம் கரையில் சவுக்கு நிற்பதுபோல அதன்மேல் ஆயிரக்கணக்கில் பைன் மரங்கள். அதைப் பார்க்கத் தெற்கே ஒரு குன்று, வடக்கே கசமட்சு என்ற மேடு. கசமட்சு மேட்டுக்கு வருகிறவர்கள் திட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, தங்கள் கால்களுக்கு நடுவே பார்ப்பது பழைய வழக்கம். கடல் மேலேயும் வானம் கீழேயும் ஆகி, திட்டு வானத்துக்குப் போட்ட பாலமாகத் தெரியும் என்பார்கள். இப்படிப் பார்க்கும்போது தூரமும் அளவும் உண்மையிலேயே வேறாகத் தெரிகிறதா என்று ஹிகாஷியாமா, அடாச்சி என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். தொலைவில் உள்ள பொருட்கள் சிறியதாகவும், காட்சியின் ஆழம் குறைந்து தட்டையாகவும் தெரிவதாகக் கண்டார்கள். உடலைக் கவிழ்த்ததும் கண் கொண்டுவரும் செய்தியை மனம் வேறுவிதமாக எடை போடுகிறது. வெளியே இருக்கும் அதிசயத்துக்கு ஈடாக ஓர் அதிசயத்தைப் படைத்தவன் நம் மண்டைக்குள்ளும் வைத்திருக்கிறான். ஆலம்பரை மதிலில் இதைச் செய்து பார்க்காதீர்கள், செங்கல் சரியும். கீழே தரையில் நின்று செய்யலாம்.

1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செஷ்ஷு என்ற துறவி ஓவியர் அமனோஹாஷிடாதே திட்டை மையில் வரைந்தார். வானத்தில் பறக்கும் பறவை பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார். கண் ஏற முடியாத உயரத்துக்கு மனத்தால் ஏறியவர்.

இப்படி ஒரு திட்டு எப்படி உண்டாகிறது? ஆறு கொண்டுவரும் மணலைக் கடல் அப்படியே விழுங்கிவிடுவதில்லை. அலை கரையை நேராக மோதாமல் கொஞ்சம் சாய்வாக மோதுகிறது. மோதும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும், வடியும்போது நேராகக் கீழே இழுக்கும். ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நடக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் காற்று மாறியதும் தெற்கே திரும்புகிறது. இந்த நீரோட்டங்களுக்கு மீனவர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வருவது தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி. வருஷக் கணக்கை மொத்தமாகப் பார்த்தால் தெண்டியே ஜெயிக்கிறது, மணல் வடக்கே போகிறது. தென்பெண்ணையும் சங்கராபரணியும் தெற்கே கொட்டிய மணல் இப்படி நடந்து நடந்துதான் ஆலம்பரைப் பக்கம் வருகிறது. எங்கள் பாலாற்று மணல் வயலூரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் போகிறது. கோடையில் ஆற்றில் வேகம் இல்லாதபோது அலை முகத்துவாரத்தை மணலால் மூடும். மழை வந்து வெள்ளம் பெருகியதும் ஆறு அதை உடைத்துக்கொண்டு போகும். திறப்பதற்கு ஒரு பருவம், மூடுவதற்கு ஒரு பருவம். கழிக்குள் இறால் குஞ்சும் மீன்குஞ்சும் கடலிலிருந்து வந்து வளர்ந்து திரும்பிப் போவது இந்தக் கதவு திறந்திருக்கும் நாளில்தான்.

திட்டில் இறங்கி ஒரு பிடி மணலை எடுத்து வெயிலில் விரித்துப் பாருங்கள். கண்ணாடித் துகள் போன்றது குவார்ட்ஸ். இடையிடையே மாதுளை முத்து நிறத்தில் மின்னுவது கார்னெட். கறுப்புத் துகள்களில் சில காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டும். குவார்ட்ஸைவிட இந்தக் கறுப்பு கனமானது. அலை வெள்ளையை இழுத்துக்கொண்டு போக, கனமானது பின்தங்கிவிடும். ஈர மணலில் இறகின் நரம்புபோலக் கறுப்புக் கோடுகள் விழுவது இதனால்தான். கழிப்பக்கம் நீர் வடிந்த சேற்றில் மிளகு அளவில் மணல் உருண்டைகள் வட்டம் வட்டமாகக் கிடக்கும். பொடி நண்டுகள் மணலை வாயில் வைத்து அதிலிருக்கும் உணவை மட்டும் வடித்துவிட்டு உருட்டிப் போட்டவை. அடுத்த ஏற்றத்தில் எல்லாம் அழிந்துவிடும். நாளைக்கு மறுபடி உருட்டும். தை முதல் பங்குனி வரை இதே கரைநெடுக இரவில் பங்குனி ஆமைகள் ஏறி வந்து, மணலைத் தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. மணலின் சூடே அடைகாத்து, ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகளை வெளியே அனுப்புகிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட அந்தச் சூடுதான் தீர்மானிக்கிறது.

இத்தனையும் மணல் வந்துகொண்டிருந்தால்தான். அமனோஹாஷிடாதேக்கு வரும் ஆறுகளில் தடுப்புகளும் கரையில் துறைமுகக் கட்டுமானங்களும் வந்தபின் திட்டு மெலியத் தொடங்கியது. இப்போது மணலைக் கொண்டுவந்து வடக்கு முனையில் போட்டு, அலையே பரப்பிக்கொள்ளும்படி செய்கிறார்கள். நமக்கு அருகிலேயே பாடம் இருக்கிறது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதும் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்துபோய்க் கருங்கல் குவியலே மிஞ்சியது. முப்பது வருஷம் கழித்து, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. பாலாற்றில் லாரி லாரியாக மணல் அள்ளியபோது நாங்கள் கிணற்று நீர் இறங்கியதைப் பற்றித்தான் பேசினோம். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கடற்கரையும் அந்த மணலுக்காகக் காத்திருந்தது என்று எங்கள் ஊரில் யாரும் பேசவில்லை. பேச வேண்டும். படைப்பைக் கும்பிடுவது என்றால் அது நடந்து வரும் பாதையையும் சேர்த்துத்தான் கும்பிட வேண்டும்.

போகிறவர்கள் தையிலோ மாசியிலோ போங்கள். மழை கழுவிய வானம் அப்போதுதான் தெளிவாக இருக்கும், ஏரிகளிலும் தண்ணீர் இருக்கும். ஆலம்பரைக்கு விடியற்காலை நல்லது, சூரியன் திட்டுக்குப் பின்னாலிருந்து எழும். கலங்கரை விளக்கத்துக்கு மூடும் நேரத்தை விசாரித்துக்கொண்டு மாலையில் ஏறுங்கள், மேற்கு வெயில் கடற்கரைக் கோயிலின் முதுகில் விழும். மாசி மகத்தை ஒட்டிப் போனால் இன்னொன்றையும் காணலாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு வந்து மணலில் தங்குவார்கள். கடலைக் கன்னியம்மனாக வணங்கும் மக்கள் அவர்கள். அன்று விடியலில் மணலில் படையல் வைத்துப் பூசை செய்வார்கள், பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார்கள், கல்யாணம் பேசி முடிப்பார்கள், சிலருக்கு அங்கேயே தாலிகட்டும் நடக்கும். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளில் குடியிருப்பவர்களும் முதல் நாளே மூட்டை முடிச்சோடு பஸ் ஏறிவிடுகிறார்கள்.